மறுவாழ்வு பெற்ற கணிப்பொறி

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதன் தன் கையால் படைத்த கருவிகளுக்கு இந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. அவற்றுள்ளும் கணிப்பொறியின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. வாங்கி வந்த நாளில் அஃது அலுவலகத்தின் பெருமை. ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் அது மூலைக்குப் போகிறது. பின்னர் மூலையிலிருந்து பழைய சாமான் வாங்குவோரின் வண்டிக்குப் போகிறது. அதன் விசைகள் தேய்ந்துவிடவில்லை, திரை மங்கிவிடவில்லை, மின்சாரம் பாய்ச்சினால் இன்றும் விழித்தெழுகிறது. ஆயினும் புதிய மென்பொருளின் பளுவை அதனால் தாங்க முடிவதில்லை. ஆதலால் 'பழையது' என்னும் ஒரு சொல்லே அதற்குத் தீர்ப்பாகிவிடுகிறது.

அத்தகைய கணிப்பொறியைத் தானே கணக்கிடும் பொறியாக வைத்துக்கொள்ளாமல், வேறோரிடத்தில் இயங்கும் வலிய பொறியின் பலகணியாக மாற்றிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. விசையைத் தட்டுவது இங்கே. வேலை நடப்பது அங்கே. விளைவு தோன்றுவது மறுபடியும் இங்கே. இவ்வாறு பணிபுரியும் பொறியைத் தொழில்துறையினர் 'தின் கிளையன்ட்' என்பர். மெல்லிய முனையம் என்று நாம் வழங்கலாம். அதன் திரையில் தோன்றும் பணியிடம் உண்மையில் தொலைவிலுள்ள பொறியில் இருப்பதால், அதற்கு மெய்நிகர் மேசைத்தளம் என்று பெயர். இஃது ஏதோ நேற்றுத் தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. இதன் வரலாறு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றை அறிந்தால், எப்பொறியைக் கழிக்கலாம், எப்பொறியைக் காக்கலாம் என்னும் தெளிவும் உடன் பிறக்கும்.

ஓர் ஊரின் தண்ணீர்க் கதையை நினைத்துப் பாருங்கள். முதலில் ஊருக்கெல்லாம் ஒரே பொதுக்கிணறு. எல்லாரும் குடத்தோடு வரிசையில் நிற்பர். பின்னர் வசதி பெருகியபோது வீட்டுக்கு வீடு கிணறு தோண்டினர். அதன் பின்னர் ஊரில் நீர்த்தொட்டி எழுந்தது. குழாய் வழியே வீடுதோறும் நீர் வந்தது. கணிப்பொறியின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே நடந்துள்ளது.

1950களில் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பெரும்பொறி. அதனருகே செல்லும் உரிமை அதனை இயக்குவோர்க்கே உண்டு. ஆராய்ச்சியாளர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அறைவாயிலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பவேண்டும். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். ஓர் எழுத்துப் பிழைபட்டிருந்தால் மீண்டும் அட்டை, மீண்டும் வரிசை, மீண்டும் காத்திருத்தல். பொறியின் நேரம் பொன்னாக மதிக்கப்பட்டது. மனிதனின் நேரம் மண்ணாகக் கழிந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவரும் அவர்தம் குழுவினரும் ஐ.பி.எம். 709 என்னும் பொறியில் காலப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். அம்முறையின் நுட்பம் எளியது. மனிதன் சிந்திக்கவும் தட்டெழுதவும் நொடிக்கணக்கில் நேரம் கொள்கிறான். பொறிக்கோ ஒரு நொடி என்பது நெடுங்காலம். ஆகவே பொறியானது ஒருவருக்குச் சிறிது, அடுத்தவருக்குச் சிறிது என நேரத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு, மிக விரைவாகச் சுற்றிவருமாயின், ஒவ்வொருவருக்கும் பொறி முழுவதும் தமக்கே உரியது போலத் தோன்றும். பந்தியில் பரிமாறுபவர் ஒருவரே. ஆயினும் இலை எவருக்கும் வெறுமையாக இருப்பதில்லை அல்லவா? அது போன்றதே இது.

அதே 1961ஆம் ஆண்டில் அக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போன்று கணிக்கும் ஆற்றலும் ஒரு நாள் பொதுப்பயன் பணியாக வழங்கப்படலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். நாம் கூறிய நீர்த்தொட்டியும் குழாயும் அன்றே ஒருவர் உள்ளத்தில் தோன்றிவிட்டன.

அக்காலத்து முனையம் எது? ஒரு மின்தட்டச்சு எந்திரம்; அவ்வளவே. அதற்கு நினைவகம் இல்லை. கணக்கிடும் உறுப்பும் இல்லை. தட்டிய எழுத்தைக் கம்பி வழியே அனுப்பும்; வந்த எழுத்தைத் தாளில் அச்சிடும். இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நடுவண் பொறி மாறினாலும் முனையம் மாறவேண்டிய தேவை எழவில்லை. 709 போய் 7090 வந்தது. பின்னர் 7094 வந்தது. கம்பியின் மறுமுனையில் பொறி வலிமை பெற்றபோதெல்லாம், இம்முனையில் அமர்ந்திருந்தவர் புதிய கருவி வாங்காமலே புதிய வலிமையைப் பெற்றார். கருவி முதுமை அடைவது அதன் உடல் தேய்வதால் மட்டும் அன்று. அதனிடம் நாம் வேண்டும் வேலை பெருகுவதாலும் ஆகும். வேலையை வேறிடத்தில் வைத்துவிட்டால் முதுமையும் தள்ளி நிற்கிறது.

மற்றொரு விதையும் அதே நகரில் ஊன்றப்பட்டது. கேம்பிரிட்ஜ் நகரின் டெக்னாலஜி ஸ்கொயர் 545ஆம் எண் கட்டடத்தில், கழகத்தின் காலப்பகிர்வு ஆராய்ச்சி நடந்த அதே கூரையின்கீழ், ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையமும் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி முதலியோர் 1967ஆம் ஆண்டில் சி.பி.-40 என்னும் அமைப்பைப் பயனுக்குக் கொணர்ந்தனர். காலப்பகிர்வில் ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். சி.பி.-40 அதனினும் ஒருபடி மேலே சென்றது. உண்மையில் ஒரே பொறி. ஆயினும் அதற்குள்ளே பதினான்கு தனிப்பொறிகள் இருப்பதுபோல ஒரு தோற்றத்தை அது படைத்தது. ஒவ்வொருவரும் தம் பொறியில் தாம் விரும்பிய இயக்க முறைமையை ஓட்டலாம். ஒருவர் பொறி நிலைகுலைந்தால் அடுத்தவர் பொறிக்கு ஊறு இல்லை. மெய்நிகர் பொறி என்று இன்று நாம் வழங்குவது இதுவே. இவ்விரு விதைகளும் ஒன்றுகூடி மரமாவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

இடையில் காலம் வேறு திசையில் திரும்பியது. சிறு சில்லொன்றில் கணிப்பொறியின் மூளை முழுவதையும் அடக்கும் கலை வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டும் காலம் பிறந்தது. அதனால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுதல் ஆகாது. எவர் அனுமதியையும் எதிர்பாராமல், எந்த வரிசையிலும் நில்லாமல், தன் மேசையிலேயே தன் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் உரிமை எளியவர்க்கும் கிட்டியது. ஆயினும் சொந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரே தூர் வாரவேண்டும். நூறு மேசைகளில் நூறு பொறிகள் இருந்தால் நூறு வன்தட்டுகள் பழுதாகலாம். நூறு இடங்களில் மென்பொருளை நிறுவவேண்டும். நூறு இடங்களில் நச்சுநிரல் புகலாம். மென்பொருள் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போனது. அதனைச் சுமக்க மாட்டாத பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூலைக்குச் சென்றன.

ஆனால் பழைய எண்ணம் மடிந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் கழகத்திலேயே ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் முதலியோர் எக்ஸ் என்னும் சாளர முறையை உருவாக்கினர். அதன் சிறப்பு யாதெனின், நிரல் ஓரிடத்தில் இயங்க, அதன் படச்சாளரம் மற்றோரிடத்தில் தோன்றலாம் என்பதே. எழுத்தை மட்டும் காட்டிவந்த முனையம் இதனால் படத்தையும் காட்ட வல்லதாயிற்று. விண்டோஸ் உலகிலும் 1990களில் இதற்கு ஒப்பான வழி திறந்தது. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1995இல் வின்ஃபிரேம் என்னும் மென்பொருளால், பலர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து ஒரு விண்டோஸ் பொறியைப் பயன்படுத்தும்படி செய்தது. 1998இல் மைக்ரோசாஃப்ட் தானே அத்தகைய பதிப்பொன்றை வெளியிட்டது.

1995ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனத் தலைவர் லாரி எல்லிசன், பாரிஸ் மாநகரில் ஐந்நூறு டாலர் விலையில் 'வலையமைப்புக் கணிப்பொறி' வரப்போகிறது என்று முழங்கினார். தனியாள் கணிப்பொறியின் காலம் முடியப்போகிறது என்பதே அம்முழக்கத்தின் உட்பொருள். நடந்ததோ வேறு. தனியாள் கணிப்பொறியின் விலை விரைந்து வீழ்ந்தது. அந்நாளைய தொலைபேசி இணைப்புகளோ நத்தையென ஊர்ந்தன. ஐந்நூறு டாலர் கொடுத்துக் குறைந்த ஆற்றலுள்ள புதுப்பொறியை வாங்குவானேன் என்று மக்கள் கருதினர். அவ்வினா நியாயமானதே. ஆனால் அதற்குள்ளேயே வேறொரு விடை மறைந்திருந்தது. மெல்லிய முனையத்தைப் புதிதாக ஏன் வாங்கவேண்டும்? மூலையில் கிடக்கும் பழைய பொறியே அதற்குப் போதுமன்றோ?

அவ்விடைக்குச் செயல்வடிவம் தந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 1999ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்'. லினக்ஸ் என்பது எவரும் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய, மூலநிரல் திறந்த இயக்க முறைமை. அதனைக் கொண்டு பழைய பொறிகளை முனையங்களாக்கும் வழியை அத்திட்டம் ஒழுங்குபடுத்தித் தந்தது.

அவ்வழி எவ்வாறு நடக்கிறது என்று சிறிது விரித்துக் கூறுவது தகும். பழைய பொறியிலிருந்து வன்தட்டைக் கழற்றிவிடலாம், அது தேவையில்லை. மின்விசையை அழுத்தியதும், பொறியிலுள்ள வலையட்டை விழித்தெழுந்து, 'நான் வந்திருக்கிறேன். எனக்குரிய முகவரி யாது?' என்று கம்பிவழியே வினவுகிறது. சர்வர் எனப்படும் நடுவண் பொறி அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்து, தொடங்குவதற்குரிய கோப்பு எங்கே உள்ளது என்பதையும் உரைக்கிறது. முனையம் அச்சிறு கோப்பைப் பெற்று இயக்குகிறது. வேண்டிய பிறவற்றைச் சர்வரின் தட்டிலிருந்தே படித்துக்கொள்கிறது. சிறிது நேரத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை தோன்றுகிறது. அதன்பின் கடிதம் எழுதினாலும், கணக்குப் பட்டியல் போட்டாலும், இணையப் பக்கம் பார்த்தாலும் அனைத்தும் நடைபெறுவது சர்வரில். இங்கிருந்து செல்வன விசைத் தட்டல்களும் சுட்டியின் அசைவுகளும். அங்கிருந்து வருவது படம்.

முப்பது பேரின் வேலையை ஒரே சர்வர் எவ்வாறு தாங்கும் என்று ஐயுறலாம். முப்பது பேரும் ஒரே எழுத்துச் செயலியைத் திறந்தால், அச்செயலியின் நிரற்பகுதி சர்வரின் நினைவகத்தில் பெரும்பாலும் ஒருமுறையே ஏறி நிற்கிறது. ஒவ்வொருவர் எழுதும் செய்தி மட்டுமே தனித்தனியே இடம் கொள்கிறது. மேலும், முப்பது பேரும் ஒரே கணத்தில் கடுங்கணக்கு இடுவதில்லை. ஒருவர் தட்ட, ஒருவர் படிக்க, ஒருவர் சிந்தித்திருப்பார். கார்பட்டோ கண்ட உண்மை நாற்பது ஆண்டுகள் கழித்தும் பொய்க்கவில்லை. ஆரெகன் மாநிலத்துக் கல்வியாளர்கள் இம்முறையைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றவாறு தொகுத்து, 'கே-12 எல்.டி.எஸ்.பி.' என்னும் பெயரால் வழங்கினர். அலுவலகங்கள் கழித்த பொறிகள் வகுப்பறைகளில் மாணவர் விரல்பட்டு மீண்டும் உயிர்த்தன.

பெருநிறுவனங்களும் இதன் பயனை உணர்ந்தன. 2006ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன்னோடு ஒப்பந்தம் கொண்ட அலுவலகங்களுக்காகப் பழைய கணிப்பொறிகளுக்கென்றே 'விண்டோஸ் ஃபண்டமென்டல்ஸ் ஃபார் லெகசி பிசீஸ்' என்னும் பதிப்பை வெளியிட்டது. 64 மெகாபைட் நினைவகமே உடைய பொறியிலும் அஃது இயங்கும். அதே காலத்தில், முன்னர்க் கூறிய இரண்டாம் விதையும் முளைத்து வளர்ந்திருந்தது. ஐ.பி.எம். பெரும்பொறிகளில் மட்டும் வாழ்ந்த மெய்நிகர் பொறியை, 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் சாதாரணச் செயலிகளுக்குக் கொணர்ந்தது. பின்னர், ஒரு பெரிய சர்வருக்குள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு மேசைத்தளத்தையே மெய்நிகர் பொறியாக வைத்து, அதனைத் தொலைவிலிருந்து காட்டும் முறை பரவியது. காலப்பகிர்வும் மெய்நிகர் பொறியும் இவ்வாறு கைகோத்தன. ஒரே நகரில் பிறந்த இரு கருத்துகள் இறுதியில் ஒரே திரையில் சந்தித்தன.

இவையெல்லாம் பொறியியலார்க்கு மட்டும் உரிய செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் அறிவித்த ஆய்வின்படி, அக்காலத்து மேசைக் கணிப்பொறி ஒன்றைத் திரையோடு செய்வதற்குக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், 1,500 கிலோ நீரும் செலவாயின. பொறியின் எடையோ இருபது, முப்பது கிலோவுக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் பொறியின் பின்னே கண்ணுக்குத் தெரியாத எத்துணைப் பெரிய சுமை நிற்கிறது, பாருங்கள்! ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளதென்றும் கூறுகிறது.

இவ்வினா நம் காலத்தில் மேலும் கூர்மை பெற்றுள்ளது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட சில செயலிகளையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் வேண்டி நின்றது. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. நன்கு இயங்கிக்கொண்டிருந்த எண்ணற்ற அலுவலகப் பொறிகள் ஒரே நாளில் முதியவை ஆயின. அவற்றின் உடலில் நோய் இல்லை. நாட்காட்டியில் இருந்தது நோய். அத்தகைய பொறிகளில் இலகுவான இயக்க முறைமை ஒன்றை நிறுவி முனையமாக்கினால், விண்டோஸ் 11 தொலைவிலுள்ள சர்வரில் இயங்கும். அதன் முகம் மட்டும் பழைய திரையில் தோன்றும்.

எனினும் நிறை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் நேர்மையன்று. ஊர்த்தொட்டி வறண்டால் தெரு முழுவதும் வறளும். சர்வரோ இணைப்போ நின்றால் அலுவலகம் முழுவதும் கைகட்டி அமரவேண்டும். ஆகவே மாற்றுச் சர்வரும் உறுதியான இணைப்பும் இன்றி இத்துறையில் இறங்குதல் கூடாது. கடிதமும் கணக்கும் சிறிய குழாயிலும் ஓடும். அசையும் படங்களுக்குப் பெரிய குழாய் வேண்டும். எல்லாப் பழைய பொறியும் காக்கத் தக்கதன்று. பெண்டியம் 4 செயலிகளுள் சில, செயலி மட்டுமே 100 வாட்டுக்கு மேல் உண்டன. அத்தகைய பொறியை நாள்தோறும் எரியவிட்டுச் சிக்கனம் பேசுவது, கயிற்றை மிச்சம் பிடித்துக் குடத்தைக் கிணற்றில் போட்ட கதையாகும். முனையத்திலுள்ள சிறு மென்பொருளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும். 'அதில் ஒன்றும் இல்லையே' என்று வாளா இருந்துவிடலாகாது. வன்தட்டை அகற்றும்போது, அதிலுள்ள அலுவலகச் செய்திகளை மீட்க முடியாதவாறு அழித்தலும் கடமை.

யாவற்றினும் பெரிய வினா, தொட்டி யாருடையது என்பதே. இதற்கு வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டில் சன் நிறுவனம் சன் ரே என்னும் அழகிய மெல்லிய முனையத்தை வெளியிட்டது. அட்டை ஒன்றைச் செருகினால் நம் பணித்திரை தோன்றும். அட்டையை எடுத்து வேறோர் அறையிலுள்ள முனையத்தில் செருகினால், விட்ட இடத்திலிருந்தே பணி தொடரும். பின்னர்ச் சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் வசம் சென்றது. சன் ரேயின் வளர்ச்சியும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அம்முனையம் தன் நிறுவனத்துச் சர்வரோடு பேசுவதற்கென்றே பிறந்தது. பேச்சுத்துணை போனபின் அதற்குப் பிழைக்கும் வழி குறுகிற்று. சாதாரணப் பழைய கணிப்பொறியின் நிலை அத்தகையது அன்று. அது பலர் மொழியையும் பேசக் கற்றுக்கொள்ளும். ஒரு சர்வர் போனால் மற்றொரு சர்வரை நாடும். எதுவும் இல்லையாயின் தானே சிறிதளவு கணக்கிடும். முனையமாகவே பிறந்தது மூத்துப்போனால் அதற்கு வேறு வேடம் இல்லை. கணிப்பொறியாகப் பிறந்ததோ முனையமாகவும் வாழவல்லது.

ஆதலின் பழைய பொறிகளைக் கழிக்கப் புகும் அலுவலகமும் பள்ளியும் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இப்பொறியின் உடல் பழுதுற்றதா, அன்றி அதன்மேல் ஏற்றிய சுமைதான் பெருகியதா? அச்சுமையை இறக்கி வைக்கத்தக்க சர்வரும் இணைப்பும் நமக்கு உண்டா? அச்சர்வர் நம் கைவசம் உள்ளதா, அன்றிப் பிறர் கதவடைத்தால் நாமும் அடைபட்டுப் போவோமா? இவற்றுக்கு நல்விடை கிட்டுமாயின், மூலைக்குச் செல்ல இருந்த பொறி மேலும் சில ஆண்டுகள் மேசைமேல் நிற்கும்.

வேலையை எங்கே வைப்பது என்பதில் கணிப்பொறி உலகம் ஒருமுறைக்கு மேல் மனம் மாறியிருக்கிறது. இனியும் மாறலாம். ஒவ்வொரு மாற்றத்திலும், முன்னர்க் கழித்த ஒன்றுக்குப் புதிய பயன் தோன்றியிருக்கிறது. ஒரு பொருளுக்கு உரிய வேலையைக் காண்பதே அதனைக் காக்கும் முதல் வழி. அவ்வேலையைக் காண முயலாமல் பொருளை எறிவோமாயின், எறியப்படுவது பொருள் மட்டும் அன்று. அதனை ஆக்குவதற்கு மண்ணும் நீரும் மனித உழைப்பும் தந்த அனைத்துமே ஆகும்.